பூரத்து யானையும் புகைவண்டியும்

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது நம் நாட்டுப் பழமொழி. அந்த யானைக்கே பொன் பூட்டி, பட்டுக்குடை பிடித்து, சாமரம் வீசி, ஊர் நடுவே நிறுத்திக் கண்குளிரக் காணும் விழாக்கள் பாரத நாட்டில் பல உண்டு. மைசூர்த் தசராவில் விஜயதசமியன்று ஏறத்தாழ 750 கிலோ எடையுள்ள பொன் அம்பாரியைச் சுமந்து வருவது யானையே. ஆயினும், யானைத் திருவிழா என்று ஒன்றைச் சுட்டச் சொன்னால், கேரளத்தில் திருச்சூர் நகரில் நடைபெறும் பூரத்தையே பெரும்பாலோர் முதலில் சொல்வர்.

நம் சங்கத்துக் குடும்பங்களில் பெரும்பான்மையோர் கோடை விடுமுறையில் தெற்கே பிரயாணம் செய்பவர்கள். பள்ளிக்கூடங்கள் மூடியதும் மூட்டை முடிச்சுகளுடன் நாம் ரயிலேறும் அந்த நாட்களில்தான் பூரமும் வருகிறது. ஊருக்குப் போகும் வழியில் இரண்டு நாள் ஒதுக்க முடிந்தவர்கள் அதனைக் கண்டு வரலாம். போக இயலாதவர்களும், அடுத்த வீட்டு மலையாள அன்பர்கள் பெருமையோடு பேசும் அவ்விழா இன்னதென்று அறிந்துகொள்வது நன்றே.

ரயில்வேயில் குமாஸ்தாவாக இருக்கும் எனக்கு இதைப்பற்றி எழுத மற்றொரு காரணமும் உண்டு. நம்மைத் திருச்சூருக்கு ஏற்றிச் செல்லும் இருப்புப்பாதைக்கும், யானையின் நெற்றியில் மின்னும் பொன்னுக்கும் பழைய உறவு ஒன்று இருக்கிறது. அதனைப் பின்னர்ச் சொல்கிறேன். முதலில் விழாவைக் காண்போம்.

வடக்குநாதர் சந்நிதியில்

பூரம் என்பது நட்சத்திரத்தின் பெயர். ஆடிப்பூரம் என்றால் நமக்கு ஆண்டாள் நினைவுக்கு வருகிறாள். மலையாள நாட்டாருக்கோ மேட மாதத்துப் பூரம் என்றால் திருச்சூர்தான். மேடம் என்பது நமது சித்திரையே. திருச்சூர் என்ற பெயரும் நமக்கு அந்நியமானதன்று. திருச்சிவப்பேரூர் என்பதே அதன் முழுப்பெயர்.

அந்தச் சிவபெருமான் வடக்குநாதர் என்ற திருநாமத்துடன் நகரின் நடுவே, சற்று உயர்ந்த மேட்டில் எழுந்தருளியிருக்கிறார். கேரளத்துச் சிற்பமுறைப்படி மரத்தாலும் ஓட்டாலும் கூரை வேய்ந்த அக்கோயிலைப் பழைமை கெடாமல் பழுதுபார்த்தமைக்காக, 2015ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் ஆசிய பசிபிக் நாடுகளுக்கான தனது உயர்ந்த விருதை வழங்கியது. கோயிலைச் சுற்றியுள்ள திறந்த வெளிக்குத் தேக்கின்காடு மைதானம் என்று பெயர். ஒரு காலத்தில் அங்கே தேக்கங்காடு இருந்தது. 1790 முதல் 1805 வரை கொச்சி நாட்டை ஆண்ட சக்தன் தம்புரான் அக்காட்டை அழித்து வெளியாக்கி, அதனைச் சுற்றி வட்டமாக வீதி அமைத்தார். இன்றைய திருச்சூர் நகரம் அந்த வட்டத்திலிருந்து கிளைத்ததே.

பூரத்தைத் தோற்றுவித்தவரும் அம்மன்னரே. அதற்கு முன்னர், சுற்றுவட்டாரக் கோயில்களின் தெய்வங்களெல்லாம் ஆறாட்டுப்புழை என்னும் ஊரில் நடக்கும் பூரத்துக்கே யானைமீது எழுந்தருளுவது வழக்கம். ஓர் ஆண்டு பெருமழையால் திருச்சூர்க் கோயில்களின் ஊர்வலங்கள் காலந்தாழ்த்துச் செல்லவே, அவற்றை அங்கே ஏற்க மறுத்துவிட்டார்களாம். மனம் நொந்து திரும்பியவர்கள் மன்னரிடம் முறையிட்டனர். "இனி உங்கள் பூரம் வடக்குநாதர் சந்நிதியிலேயே நடக்கட்டும்" என்று அவர் ஏற்பாடு செய்தார் என்பது அவ்வூரார் வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வாறு தொடங்கிய விழா இன்றும் அதே ஒழுங்கில் நடக்கிறது.

இதில் ஒரு விநோதம் உண்டு. விழா நடப்பது வடக்குநாதர் முன்னிலையில். ஆனால் அவருக்கு அன்று யானையும் இல்லை, புறப்பாடும் இல்லை. பத்துக் கோயில்களிலிருந்து வரும் தெய்வங்களை வரவேற்று, வீட்டுப் பெரியவரைப்போல் அமர்ந்து பார்ப்பதே அவர் பங்கு. அப்பத்தில் தலையாயவை இரண்டு: பாறமேற்காவு, திருவம்பாடி. இவ்விரண்டுக்கும் இடையே நிகழும் நட்பான போட்டிதான் பூரத்தின் உயிர். மற்ற எட்டுக் கோயில்களின் சிறு பூரங்களும் காலை முதல் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேரும்.

நம் சொல்லும் அவர்கள் அணியும்

யானைக்கு அணிவிக்கும் அலங்காரத்தை அவர்கள் சமயம் என்கின்றனர். அதன் உறுப்புக்களின் பெயரைக் கேட்டால் நம்மவர்க்கு மகிழ்ச்சி உண்டாகும். மத்தகத்திலிருந்து துதிக்கைவரை தொங்குவது நெற்றிப்பட்டம். யானைமீது நிற்பவர் வீசுவது வெண்சாமரம். மயிற்பீலியால் செய்த பெரிய வட்ட விசிறி ஆலவட்டம். தெய்வத்தின் தலைக்குமேல் பிடிப்பது முத்துக்குடை. தமிழ்ப் புத்தகங்களில் படித்து, அகராதியில் பொருள் தேடிய சொற்களெல்லாம் அங்கே யானைமேல் ஏறி வருவதைக் காணலாம்.

நெற்றிப்பட்டத்தில் தங்கமுலாம் பூசிய செப்புக் குமிழ்கள் நூற்றுக்கணக்கில், கனத்த துணியின்மேல் வரிசை வரிசையாகத் தைக்கப்பட்டிருக்கும். நடுவே பிறைகளும், ஓரத்தில் வண்ணக் கம்பளி நூலும் அமைந்திருக்கும். ஒவ்வோர் ஆண்டும் பூரத்துக்கு முன் இதனைப் புதுப்பிக்கப் பரம்பரைத் தொழிலாளர் பலர் மாதக்கணக்கில் உழைக்கின்றனர். குடை தைப்போரின் வேலையோ பரம ரகசியம்! எந்த நிறத்தில், எந்த உருவத்தில் குடை வரப்போகிறதென்பது எதிர்த்தரப்புக்கு முன்கூட்டித் தெரிந்துவிட்டால் போட்டியில் சுவை ஏது? பூரத்துக்கு முந்திய நாட்களில் இரு தரப்பாரும் தங்கள் அணிகலன்களைக் காட்சிக்கு வைப்பார்கள். கூட்டத்தில் நெருக்குண்ண விரும்பாதவர்கள், குழந்தைகளுடன் அதனைக் கண்டாலே பாதிப் பூரம் கண்ட மாதிரி.

விடியல் முதல் விடியல் வரை

பூரத்துக்கு ஏழு நாள் முன்பே கொடியேறிவிடும். பூரத்தின் முந்தைய நாள், நெய்தலக்காவு பகவதியைச் சுமந்துவரும் யானை வடக்குநாதர் கோயிலின் தெற்குக் கோபுரக் கதவைத் திறந்து வெளிப்படும். அதுவே விழாவின் அறிவிப்பு. மறுநாள் அதிகாலையில் முதலில் வருபவர் கணிமங்கலத்துச் சாஸ்தா. வெயிலும் மழையும் படுமுன் அவர் வந்து திரும்பிவிட வேண்டும் என்பது மரபு.

முற்பகலில் திருவம்பாடி பகவதி, பிரம்மஸ்வம் மடத்திலிருந்து பஞ்சவாத்தியத்துடன் புறப்படுகிறாள். திமிலை, மத்தளம், இடக்கை, இலைத்தாளம், கொம்பு ஆகிய ஐந்தும் சேர்ந்ததே பஞ்சவாத்தியம். மெல்லத் தொடங்கி, காலம் ஏற ஏற விரைந்து, இறுதியில் எது கொம்பொலி, எது திமிலை என்று பிரித்தறிய முடியாத ஒரே வெள்ளமாகப் பெருகும்.

நடுப்பகலில் பாறமேற்காவு பகவதி பதினைந்து யானைகளுடன் புறப்படுகிறாள். கோயிலின் உள்ளே இலஞ்சி மரத்தடியில் நின்று செண்டை வாசிப்போர் நிகழ்த்தும் பெருமேளத்துக்கு இலஞ்சித்தறை மேளம் என்று பெயர். இலஞ்சி வேறெதுவுமன்று, நம் மகிழ மரமே. செண்டையும் குழலும் கொம்பும் தாளமுமாக ஏறத்தாழ 250 கலைஞர்கள், இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக ஒருவர் கையசைவுக்குக் கட்டுப்பட்டு வாசிக்கிறார்கள். அந்தத் தலைமைப் பொறுப்பில் பல்லாண்டுகள் இருந்தவர், 2011ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ பெற்ற பெருவனம் குட்டன் மாரார். மேளம் உச்சத்தை எட்டும்போது சுற்றி நிற்கும் ஆயிரக்கணக்கானோர் இரு கைகளையும் மேலே தூக்கித் தாளத்தோடு அசைக்கின்றனர். அவர்களுள் பாமரர் யார், பண்டிதர் யார் என்று சொல்ல இயலாது.

மாலை ஐந்து மணிக்குமேல் யானைகள் தெற்குக் கோபுர வாயில் வழியாக இறங்கி வரும். இதனைத் தெற்கோட்டிறக்கம் என்பர். ஒரு பக்கம் பதினைந்து, எதிர்ப்பக்கம் பதினைந்து என்று முப்பது யானைகள், நடுவில் கடல் போன்ற ஜனத்திரளுடன் முகத்துக்கு முகம் நிற்கும். பிறகு தொடங்குகிறது குடைமாற்றம். பாறமேற்காவுத் தரப்பில் பதினைந்து சிவப்புக் குடைகள் ஒரே கணத்தில் விரியும். திருவம்பாடியார் உடனே நீலத்தில் பதில் சொல்வர். சிவப்புப் போய்ப் பச்சை, பச்சை போய் மஞ்சள், பின் அடுக்குக் குடை, பின் தெய்வ உருவம் தாங்கிய குடை என்று மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் எழும் ஆரவாரத்தில் வானமே அதிரும். மேற்கே சாயும் வெயில் முப்பது நெற்றிப்பட்டங்களிலும் பட்டுத் தெறிக்கும் அக்காட்சியை நான் எழுத்தில் காட்ட முயல்வது, அகல்விளக்கைக் கொண்டு சூரியனைக் காட்டுவது போன்றதே.

இரவில் பூரங்கள் மறுபடியும் ஒருமுறை நடக்கும். அதிகாலை மூன்று மணி அளவில் வாணவேடிக்கை. மறுநாள் பகல் பூரம். நகரத்து இல்லத்தரசிகள் கூட்டங்கூட்டமாக வந்து காண்பது இதனைத்தான். நண்பகலில் இரண்டு பகவதியரும் ஒருவரையொருவர் நோக்கி நிற்க, அவர்களைச் சுமந்த யானைகள் துதிக்கையை உயர்த்தி விடைபெறுகின்றன. உபசாரம் சொல்லிப் பிரிதல் என்று இதற்குப் பெயர். முப்பது மணி நேரத்துக்கு மேலாகப் போட்டியிட்டவர்கள் இப்படி மரியாதையோடு பிரிகிறார்களே, அதுவே எனக்கு விழாவின் மிக உயர்ந்த கட்டமாகப் பட்டது.

நெற்றிப்பட்டம் தண்டவாளமான கதை

இனி முதலில் சொன்ன பழைய உறவுக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்குச் செல்லும் இருப்புப்பாதை பாலக்காடு, ஷொரனூர் வழியே ஓடிக்கொண்டிருந்தது. கொச்சி ராஜ்யமோ அதிலிருந்து விலகி நின்றது. ஷொரனூரிலிருந்து திருச்சூர் வழியாக எர்ணாகுளம்வரை ஒரு பாதை அமைத்தால் நாடு செழிக்கும் என்று, 1895ஆம் ஆண்டில் பட்டத்துக்கு வந்த மன்னர் ராமவர்மா கருதினார். ராஜரிஷி என்று மக்களால் போற்றப்பட்டவர் அவர். ஆனால் அதற்கு வேண்டிய பெரும்பொருள் சிறிய ராஜ்யமாகிய கொச்சியின் கஜானாவில் இல்லை.

திருப்பூணித்துறையில் கொச்சி அரசர்களின் குலதெய்வமாகிய பூர்ணத்ரயீசர் கோயில் இருக்கிறது. அதன் உற்சவத்திலும் பதினைந்து யானைகள் அணிவகுக்கும். அந்த யானைகளுக்குரிய பொன் நெற்றிப்பட்டங்கள் பதினைந்தில், ஒன்றைத் தெய்வத்துக்கென வைத்துக்கொண்டு, மீதிப் பதினான்கையும் விற்று இருப்புப்பாதைக்குப் பணம் சேர்த்தார் மன்னர் என்று கொச்சி நாட்டார் இன்றும் சொல்கின்றனர். 1902ஆம் ஆண்டில் அப்பாதையில் வண்டி ஓடத் தொடங்கியது. அன்று மீட்டர் கேஜாக இருந்த அது பின்னாளில் அகலப் பாதையாயிற்று. மன்னரோ 1914ஆம் ஆண்டில் தாமாகவே முடிதுறந்தார். அவர் போட்ட பாதையில் இன்று டில்லியிலிருந்தும் பம்பாயிலிருந்தும் வரும் நீண்ட வண்டிகள் ஓடுகின்றன. பூரத்துக்குச் செல்லும் ஜனங்களும் அதே பாதையில்தான் வந்து இறங்குகிறார்கள்.

தண்டவாளத்தின் கணக்கை எழுதிப் பிழைக்கும் என் போன்றோருக்கு இது நெஞ்சைத் தொடும் செய்தி. ரயில் வந்த நாளிலேயே யானையிடம் நாம் கடன்பட்டுவிட்டோம். கடன் என்றால் அதைத் திருப்பிச் செலுத்தும் முறையையும் எண்ணிப் பார்க்க வேண்டுமல்லவா?

காது அசைவதன் பொருள்

இலஞ்சித்தறையில் மேளம் முழங்கும்போது யானைகள் காதுகளை விசிறி போல் அசைப்பதைக் காணலாம். "மேளத்துக்குத் தாளம் போடுகிறது பார்!" என்று அருகில் நிற்பவர்கள் குழந்தைகளுக்குக் காட்டுவார்கள். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் உடற்கூறு அறிந்தவர்கள் சொல்லும் காரணம் வேறு. யானையின் உடம்பில் நமக்கு இருப்பதுபோல் எங்கும் வியர்வை சுரப்பதில்லை. கால் நகங்களின் ஓரத்தில் மட்டுமே சுரக்கிறது. அதனால் அது தன் சூட்டைத் தணித்துக்கொள்ள நம்பியிருப்பது காதுகளையே. மெல்லிய காதின் நரம்புகளில் ஓடும் இரத்தம் அசைவினால் குளிர்ந்து உடம்புக்குள் திரும்புகிறது. ஆகவே, சித்திரை வெயிலில் யானை விடாது காதசைக்கிறதென்றால், தனக்குச் சூடு தாங்கவில்லை என்று அது சொல்கிறதென்றே கொள்ள வேண்டும்.

காட்டிலே யானை வெயில் ஏறினால் நிழலை நாடும், சேற்றை அள்ளி மேலே பூசிக்கொள்ளும், ஆற்றில் இறங்கும். நாளொன்றுக்கு நூறு லிட்டருக்கும் குறையாமல் நீர் பருகும். தார் வீதியில், சங்கிலியோடு, பேரொலிக்கும் பெருங்கூட்டத்துக்கும் நடுவே நிற்பதென்பது அதன் இயல்புக்கு எத்தனை மாறானது! இதனை விழா நடத்துவோரும் அறியாதவர்கள் அல்லர். முந்தின நாளே மிருக வைத்தியர்கள் யானைகளைச் சோதித்துத் தகுதிச் சான்று அளிக்கிறார்கள். மதநீர் ஒழுகும் யானையைச் சேர்ப்பதில்லை. காலடியில் ஈரச் சாக்கு விரித்து நீர் ஊற்றுவதையும், தர்ப்பூசணி முதலிய குளிர்ந்த பழங்கள் கொடுப்பதையும் நானே கண்டேன். பாகனுக்குத் தன் யானையிடம் உள்ள பாசம் தாய்க்குப் பிள்ளையிடம் உள்ளது போன்றதே. ஆயினும் ஒரே யானை ஒரு பருவத்தில் ஊர் ஊராக லாரியில் ஏற்றப்பட்டு, ஓய்வின்றிப் பல விழாக்களில் நிற்க வேண்டியிருக்கும்போது, பாகனின் பாசம் ஒன்று மட்டும் போதுமானதாகாது.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு, காட்டு யானையை விழாவுக்காகப் பிடிக்க வழியில்லை. கேரளத்து வளர்ப்பு யானைகளில் பல, முன்பு பீகாரிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து சேர்ந்தவை. 2018ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கேரளம் முழுவதும் வளர்ப்பு யானைகள் 521 இருந்தன. மூப்பினாலும் நோயினாலும் அத்தொகை ஆண்டுதோறும் சுருங்கி வருகிறது. கோயில்களோ குறையவில்லை, விழாக்களும் குறையவில்லை. ஆகையால் இருக்கும் யானைகளின் மேல் சுமை கூடுகிறது.

2024ஆம் ஆண்டு நவம்பரில் கேரள உயர்நீதிமன்றம் விழா யானைகளுக்கெனச் சில வரம்புகளை விதித்தது. யானைக்கும் யானைக்கும் இடையே 3 மீட்டர், மக்களுக்கும் யானைக்கும் இடையே 8 மீட்டர், வாணவேடிக்கைக்கும் யானைக்கும் இடையே 100 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பன அவற்றுட் சில. இவ்வாறாயின் பதினைந்து யானைகளை ஒரே வரிசையில் நிறுத்த இடமே இராது, இரு நூற்றாண்டு மரபு அழிந்துபோகும் என்று தேவஸ்தானத்தார் உச்சநீதிமன்றத்தை அணுகினர். அடுத்த மாதமே உச்சநீதிமன்றம் அவ்வரம்புகளுக்குத் தடை விதித்தது. இதற்கு முன்னரே, 2023ஆம் ஆண்டில், திருச்சூர் மாவட்டத்திலுள்ள இரிஞ்ஞாடப்பிள்ளி கிருஷ்ணன் கோயிலில் இயந்திர யானை ஒன்றைத் தெய்வப்பணிக்கு வைத்துவிட்டார்கள். இரும்பாலும் ரப்பராலும் ஆன அது காதை அசைக்கிறது, துதிக்கையை ஆட்டுகிறது. அதற்கு வெயிலும் இல்லை, தாகமும் இல்லை.

மரபு பெரிதா, யானையின் நலம் பெரிதா என்று கேட்டுச் சண்டையிடுவோர் இரு பக்கமும் உளர். யானை இல்லாத பூரத்தை எண்ணிப் பார்க்கவும் என் மனம் ஒப்பவில்லை. ஆனால் நெற்றியில் பொன்னைச் சூட்டி நாம் போற்றுவது யானையையா, அல்லது அந்தப் பொன்னையா என்ற கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும். யானையைத்தான் என்றால், பதினைந்து என்ற எண்ணிக்கையைக் காட்டிலும், நிற்கும் யானைக்கு நிழலும் நீரும் ஓய்வும் கிடைத்தனவா என்பதே விழாவின் பெருமைக்கு அளவுகோலாக வேண்டும். குறைந்த யானைகளோடு, குறைந்த நேரத்தில், நிறைந்த பக்தியோடு விழா நடத்தினால் வடக்குநாதர் கோபித்துக்கொள்வார் என்று நான் நம்பவில்லை. அவரே ஒரு யானையும் இன்றி அமர்ந்திருப்பவரல்லவா?

வாளையாற்றில் ஒரு நிமிஷம்

யானைக்கு நாம் செய்யவேண்டியது திருச்சூரோடு முடிந்துவிடவில்லை. கோயம்புத்தூரிலிருந்து பூரத்துக்குச் செல்லும் வண்டி மதுக்கரையையும் வாளையாற்றையும் கடந்துதான் பாலக்காட்டை அடையும். அந்த இடத்தில் இருப்புப்பாதை காட்டை ஊடறுத்துச் செல்கிறது. யானைகள் தலைமுறை தலைமுறையாக நடந்த வழி அது. பாதை வந்தது பின்னால். இரவில் நீரையும் தீனியையும் நாடிக் கூட்டமாகத் தண்டவாளத்தைக் கடக்கும்போது வண்டியில் அடிபட்டு மாண்ட யானைகள் பல. 2021ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் தேதி இரவு, மதுக்கரைக்கு அருகே நவக்கரையில் ஒரே வண்டியில் மோதி மூன்று யானைகள் மடிந்தன. வண்டி ஓட்டியவரின் துயரையும் எண்ணிப் பாருங்கள். வேகமாக வரும் வண்டியை நினைத்த இடத்தில் நிறுத்த எவராலும் இயலாது.

அதன்பின் செய்த ஏற்பாடுகளைக் கேட்டால் சற்று ஆறுதல் உண்டாகும். அப்பகுதியில் இரவில் வேகத்தைக் குறைத்தே வண்டி ஓட்ட வேண்டும் என்ற கட்டுப்பாடு இருக்கிறது. யானைகள் பாதைக்குக் கீழே கடந்து செல்ல அடிவழிகள் அமைக்கப்பட்டுள்ளன. 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் தமிழ்நாட்டு வனத்துறை 12 கோபுரங்களை நிறுவி, இருளிலும் உடற்சூட்டைக் கொண்டு யானையைக் கண்டறியும் காமிராக்களைப் பொருத்தியது. யானை பாதையை நெருங்கினால், செயற்கை நுண்ணறிவு என்று இக்காலத்தார் கூறும் யந்திர அறிவு உடனே கண்டுகொண்டு வனத்துறைக்கும் ரயில்வேக்கும் செய்தி அனுப்பிவிடும். பொன் கொடுத்த யானைக்கு இருப்புப்பாதை செலுத்தும் வட்டியின் முதல் தவணை என்று இதனைச் சொல்லலாம்.

பிரயாணிகளாகிய நாம் செலுத்த வேண்டிய தவணையும் ஒன்று உண்டு. காட்டைக் கடக்கும்போது மிச்சச் சோற்றையும் பழத்தோலையும் பிளாஸ்டிக் பைகளையும் ஜன்னல் வழியே எறிகிறோம். அந்த வாசனைக்கு விலங்குகள் தண்டவாளத்தருகே வரப் பழகிவிடுகின்றன. கையில் ஒரு பையை வைத்துக்கொண்டு குப்பையை அதிலிட்டு, இறங்குமிடத்தில் போடுவது அப்படியொன்றும் பெரிய காரியமன்று. கோவைக்கும் பாலக்காட்டுக்கும் இடையே, "இது யானை நடக்கும் வழி" என்று குழந்தைகளுக்கு ஒரு நிமிஷம் எடுத்துச் சொன்னால், பிற்பாடு பூரத்தில் அவர்கள் யானையைக் காணும் பார்வையே வேறாகிவிடும்.

செல்வோருக்குச் சில சொற்கள்

கோயம்புத்தூரிலிருந்து திருச்சூர் மூன்று மணி நேரப் பிரயாணத்துக்குள் அடங்கும். பூரத்தன்று தங்கும் விடுதிகளில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. மாதங்களுக்கு முன்பே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். கைக்குழந்தை உள்ளவர்களும் முதியோரும் குடைமாற்ற நேரத்து நெரிசலுக்குள் நுழையாமல், முந்தைய நாள் அணிகலக் காட்சியையும் மறுநாள் பகல் பூரத்தையும் கண்டு திருப்தியடைவது உத்தமம். குடையும் குடிநீரும் அவசியம். யானை எவ்வளவு சாதுவாகத் தோன்றினாலும் அதன் அருகே சென்று தொடுவதும், வாலுக்குப் பின்னே நிற்பதும், முன்னால் நின்று படம் பிடிப்பதும் ஆகாது. கூட்டத்தில் யாரேனும் அதற்குத் தொல்லை கொடுத்தால் தயங்காமல் தடுக்க வேண்டும்.

பூரத்துக் கூட்டத்தைத் தவிர்க்க எண்ணுவோர், நம் ஆடியை ஒட்டி வரும் கர்க்கடக மாதத்தின் முதல் நாளில் வடக்குநாதர் கோயிலுக்குச் செல்லலாம். அன்று அங்கே ஆனையூட்டு நடைபெறும். நெற்றிப்பட்டமோ குடையோ மேளமோ இல்லாமல், வெறும் மேனியோடு யானைகள் வரிசையாக நின்று, அன்பர்கள் கொடுக்கும் சோற்றுருண்டையையும் கரும்பையும் பழத்தையும் வாங்கி உண்ணும். பெற்றுக்கொண்டே பழகிய நாம் யானைக்குக் கொடுப்பதற்கென்று அமைந்த அந்த நாளையும் ஒருமுறை கண்டுவருமாறு நம் சங்கத்துக் குடும்பங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.